கோடும் வண்ணமும்: ஓவியர் ஆதிமூலம்

நவீன ஓவியம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம்மிற் பலர் நகைக்கின்றோம், சிலர் சினக்கின்றோம். ‘தலையும் இல்லை, காலும் இல்லை, இதை என் பேரனும் தீட்டிவிடுவானே’ என்று பெரியவர்கள் சொல்வதை மாணவர்களாகிய நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த நகைப்பையும் சினத்தையும் பழிப்பதற்காக நான் இன்று பேச வரவில்லை. ஒரு படத்தின் முன்னே நின்று ‘இது என்ன?’ என்று கேட்பது மனித இயல்பு. ஆனால் அக்கேள்விக்கு விடை கிட்டாத இடத்திலெல்லாம் ஓவியன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டுவது சற்றே அவசரம். அவ்வாறு முடிவு கட்டுவதற்கு முன்னர் ஒருவருடைய வாழ்க்கையை உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர் உருவம் எழுதத் தெரியாதவர் அல்லர். காந்தியடிகளின் உருவத்தை நூறு வகையாக எழுதிக் காட்டிய கை அவருடையது. அதே கை பின்னர் கித்தானில் வண்ணம் தீட்ட முற்பட்டபோது, உருவத்தை அறவே விட்டுவிட்டது. ஏன் விட்டது? இக்கேள்வியைத்தான் நாம் இப்போது சிறிது ஆராயப் போகிறோம். அவர் பெயர் கே. எம். ஆதிமூலம்.

அவர் கள்ளக்குறிச்சிக்காரர் அல்லர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், துறையூரை அடுத்த கீராம்பூர் என்னும் சிற்றூரில் 1938-ஆம் ஆண்டு பிறந்தவர். அவ்வாறிருக்க, கள்ளக்குறிச்சியில் பல ஆண்டுகள் ஓவிய ஆசிரியனாகப் பணி செய்த எனக்கு அவரைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். துறையூருக்கு மேற்கே கொல்லிமலை, வடக்கே பச்சைமலை. பச்சைமலையைக் கடந்து வடக்கு நோக்கி இறங்கினால் வசிட்ட நதி பாயும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. அதற்கும் வடக்கே எழுந்து நிற்பது நம் கல்வராயன் மலை. எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் என்ற ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள். அடிவாரத்திலே செம்மண்ணும் கரம்பும். நடுவே மானாவாரிக் கொல்லை. கோடையில் வெளுத்துக் கிடக்கும் வானம். ஐப்பசியில் ஒரே வாரத்தில் பச்சை பூண்டு நிற்கும் மலைச்சரிவு. கீராம்பூர்ச் சிறுவன் கண்ட நிலமும், சின்னசேலத்துச் சிறுவனோ கச்சிராயபாளையத்துச் சிறுமியோ இன்று காணும் நிலமும் பெரிதும் வேறல்ல. இந்த உறவு எனக்குப் போதும். பின்னர் அவருடைய வண்ணங்களைப் பற்றிப் பேசும்போது இந்நிலத்திற்கு நாம் திரும்ப வந்தே ஆகவேண்டும்.

அந்நாளில் ஒரு சிற்றூர்ப் பிள்ளை காணக்கூடிய சித்திரங்கள் எவை? வாசலில் அன்னை இடும் கோலம். ஐயனார் கோயிலில் வண்ணம் பூசி நிறுத்திய மண்குதிரை. கூத்துக்காரன் முகத்தில் தீட்டிய அரிதாரம். கடைக்காரர் ஆண்டுதோறும் கொடுக்கும் நாட்காட்டியிலுள்ள தெய்வப் படம். ஓவியக் கண்காட்சி என்பதை அப்பிள்ளை கனவிலும் கண்டிருக்க முடியாது. ஆயினும் நான் சொன்ன நான்கில் முதல் மூன்றும் உள்ளதை உள்ளவாறே காட்டுபவை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். ஐயனாரின் குதிரையைப் போல ஒரு குதிரை உலகில் எங்கும் ஓடியதில்லை. அதைக் கண்டு ‘இது என்ன?’ என்று நம் ஊரில் யாரும் கேட்டதும் இல்லை.

ஓவியம் பயில வேண்டும் என்னும் வேட்கையோடு ஆதிமூலம் சென்னைக்கு வந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பேறு சிற்பி எஸ். தனபால் அவர்களின் அன்பு. தனபால் ஓவியராகத் தொடங்கிச் சிற்பியானவர். இளமையில் நாட்டியமும் பயின்றவர். திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளைக் கண்டெடுத்து ஆளாக்குவதில் அவருக்கு நிகர் அவரே. அவருடைய வழிகாட்டுதலால் ஆதிமூலம் சென்னை அரசினர் கலைப்பள்ளியில் சேர்ந்து பயின்று, 1966-இல் பட்டயம் பெற்று வெளிவந்தார்.

அந்தப் பள்ளியைப் பற்றி ஓரிரு சொற்கள் கூறாமல் மேலே செல்ல இயலாது. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் அதனைத் தொடங்கினார். நாற்காலி செய்யவும், நகை செய்யவும், மண்பாண்டம் வனையவும் கற்பித்த தொழிற்பள்ளியாகவே அது நெடுங்காலம் நடந்தது. தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைவராக வந்த பின்னரே அது கலைஞர்களை உருவாக்கும் இடமாக மாறியது. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையையும் காந்தி சிலையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை இரண்டும் ராய் சௌதுரி படைத்தவை. அவருக்குப் பின் 1957-இல் தலைமை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். ஆதிமூலம் மாணவராக இருந்தது பணிக்கர் காலத்திலேதான்.

பணிக்கரின் மனத்தை ஒரு வினா ஓயாது அரித்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் நவீன ஓவியம் பெருவெள்ளமாய்ப் பாய்கிறது. அதைக் கண்டும் காணாததுபோல் இருக்க முடியாது. ஆனால் பாரிசில் உள்ளவன் போடும் கோட்டை நாமும் போட்டால் அது நம்முடையது ஆகுமா? இந்த வினாவுக்கு அவர் தம்மளவில் கண்ட விடை 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசை. சாதகக் கட்டம்போலவும், பழைய ஏட்டின் எழுத்துபோலவும் நிரை நிரையாக அமைந்த படங்கள் அவை. படித்தால் பொருள் தராத எழுத்துகள். 1966-இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். அங்கே அவர்கள் மெழுகுச் சாயத் துணிகள் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு வாழ்ந்து, மற்ற நேரத்தில் தம் விருப்பப்படி ஓவியம் தீட்டினார்கள். வயிற்றுக்கு ஒரு வழி கண்டுவிட்டே கலைக்கு வந்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களிடம் பேச வேண்டிய நாள் வரும்போது உங்களுக்கு உதவும்.

சென்னைப் பள்ளியின் தனித்தன்மை கோடு. பம்பாயிலும் வங்கத்திலும் இருந்த ஓவியர்களோடு ஒப்பிட்டால் சென்னைக்காரர்கள் கோட்டை நம்பியே வளர்ந்தவர்கள் என்று கலை விமரிசகர்கள் கூறுவர். ஆதிமூலம் அக்கோட்டில் ஆழ மூழ்கினார். பேனாவும் கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமுமே அவருடைய முதற்கருவிகள்.

மைக்கோட்டின் கடுமையை நீங்கள் உணர வேண்டும். கரிக்கோல் கொண்டு எழுதினால் அழித்துத் திருத்தலாம். தைல வண்ணம் ஆனால் மேலே மீண்டும் பூசலாம். மை அப்படியன்று. காகிதத்தைத் தொட்ட அந்தக் கணமே அது முடிவு. கை தயங்கினால் கோடு தடித்துப் போகும்; விரைந்தால் இளைத்துப் போகும். நிழல் வேண்டுமானால் மையைக் கரைத்துப் பூச முடியாது. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கி இழுத்தே இருளை உண்டாக்க வேண்டும். ஒளி வேண்டுமிடத்தில் கோடுகள் விலக வேண்டும். நெசவாளி பாவையும் ஊடையையும் கோத்துத் துணியை உண்டாக்குவது போலக் கோட்டு ஓவியன் கோடுகளை நெய்து முகத்தை உண்டாக்குகிறான். ஓரிடத்தில் இழை தவறினால் முழுத் துணியும் கெடும்.

1969-ஆம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு. நாடெங்கும் சிலைகள் எழுந்தன, மலர்கள் வெளிவந்தன, தபால் தலைகள் அச்சாயின. ஆதிமூலம் தம் பங்காகக் காந்தியடிகளை நூறு கோட்டோவியங்களாக எழுதினார். ஒரே மனிதர், நூறு படங்கள். இளம் வழக்கறிஞர் முதல் முதுமையில் குனிந்த முதுகு வரையில் பல பருவங்கள். சில படங்களில் கோடுகள் நெருங்கிக் காடாய் நிற்கும். சிலவற்றில் நாலைந்து கோடுகளோடு படம் நின்றுவிடும். அந்த நாலைந்து கோட்டுப் படங்களையே நான் மாணவர்களிடம் அதிகம் காட்டுவது வழக்கம். தலையின் வளைவு ஒன்று, மூக்குக்கண்ணாடி ஒன்று, தோளிலிருந்து வழியும் துண்டு ஒன்று. காது இல்லை, வாய் இல்லை. ஆனால் யாரும் ‘இவர் யார்?’ என்று கேட்பதில்லை. இல்லாத பகுதியை நம் கண் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மாணவர்களே, இங்கேயே ஆதிமூலம் உருவத்தை விடத் தொடங்கிவிட்டார் என்பது என் கருத்து. நாட்டினர் எல்லோரும் அறிந்த ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை கோடுகளை விட்டாலும் அம்முகம் எஞ்சும் என்று அவர் சோதித்துப் பார்த்தார்.

அதனை அடுத்த ஆண்டுகளில் அவர் எழுதியவை மன்னர்களின் படங்கள். முடியும், மீசையும், அணிகளும், அடுக்கடுக்கான ஆடையும் உடைய அரசர்கள். ஆனால் அவர்களிடம் வீரமில்லை. ஆடம்பரம் உடம்பின் மேல் பாசிபோல் படர்ந்து, உள்ளே இருந்த மனிதனை அரித்துவிட்டது போல இருக்கும். சுதேச சமஸ்தானங்கள் மறைந்து, 1971-இல் மன்னர் மானியமும் ஒழிக்கப்பட்ட காலத்தை ஒட்டியவை அவை. நம் கல்வராயன் மலையிலும் 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆட்சியே நடந்துவந்தது என்பதை மலைவாழ் மக்களின் முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். அழியும் அதிகாரத்தின் முகம் எப்படியிருக்கும் என்பதை நூல்களில் படிப்பதைவிட ஆதிமூலத்தின் மன்னர்களிடம் விரைவில் அறிந்துகொள்ளலாம்.

கண்காட்சிக்குச் செல்லாத தமிழர்களும் ஆதிமூலத்தை அறிந்தது அச்சின் வழியாக. சேலத்திலிருந்து கவிஞர் சி. மணி 1968-இல் தொடங்கிய ‘நடை’, சென்னையிலிருந்து 1970-இல் தோன்றிய ‘கசடதபற’ முதலிய சிற்றேடுகளோடு அவர் நெருங்கிப் பழகினார். அந்த ஏடுகளை நடத்தியவர்கள் கையில் பொருள் இல்லாதவர்கள். சில நூறு படிகளே அச்சிடுவார்கள். ஆதிமூலம் அவற்றிற்குப் படம் எழுதினார். நூல்களுக்கு அட்டை அமைத்தார். அத்துடன் எழுத்தையும் அமைத்தார். ஒரு நூலின் பெயரைத் தமிழில் கையால் எழுதும்போது, ‘அ’ என்ற எழுத்தின் சுழியையும் ‘ழ’வின் வாலையும் அவர் தம் கோட்டோவியத்தைப் போலவே நடத்தினார். தடித்தும் மெலிந்தும், சற்றே கரடுமுரடாகவும், மரத்தில் செதுக்கியது போலவும் அமைந்த அவ்வெழுத்துகள் பின்னர்ப் பெரிய இதழ்களிலும் இடம்பெற்றன. கி. ராஜநாராயணன் ‘ஜூனியர் விகடன்’ இதழில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது அதற்குப் படம் எழுதியவர் ஆதிமூலமே. கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகளின் முகச் சுருக்கங்களும், தலைப்பாகையும், குந்தியிருக்கும் இருப்பும் அப்படங்களில் வந்த விதத்தைக் கண்டு, ஓவியம் என்றால் என்னவென்றே எண்ணிப் பாராத பல்லாயிரம் வாசகர்கள் மகிழ்ந்தார்கள்.

வாழ்க்கைத் தொழில் என்ன செய்தார்? மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் ஓவியராகப் பணிபுரிந்தார். கைத்தறி நெசவாளர்களுக்குப் புதிய வடிவங்களும் வண்ணச் சேர்க்கைகளும் அமைத்துக் கொடுக்கும் நிலையம் அது. அந்நாளில் நாட்டின் சிறந்த ஓவியர்கள் பலர் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டும் சேருமிடத்தில் தோன்றும் மூன்றாவது நிறம். இவற்றை நாள்தோறும் நூலிலே பார்த்துக்கொண்டிருந்த கண் அவருடையது. ஓர் இழை சிவப்பும் ஓர் இழை நீலமும் குறுக்கே பின்னினால் துணி தொலைவில் சிவப்பாகவும் தெரியாது, நீலமாகவும் தெரியாது, அசைந்தால் மாறும். வயிற்றுக்காகச் செய்த தொழிலே அவருடைய வண்ணக் கல்வியாகவும் அமைந்திருக்கக் கூடும் என்று நான் எண்ணுகிறேன்.

எழுபதுகளின் நடுவிலிருந்து அவர் தைல வண்ணத்தில் பெரிய கித்தான்களைத் தீட்டலானார். அங்கேதான் அந்தப் பெருந்திருப்பம். கோட்டிற்குப் பெயர் பெற்றவர் கோட்டையே விட்டார். முகம் இல்லை, மரம் இல்லை, மன்னன் இல்லை. வண்ணத்தின் மேல் வண்ணம், தடித்த பூச்சு, மேலடுக்கைச் சுரண்டியது போன்ற இடத்தில் கீழடுக்கு எட்டிப் பார்க்கும். நீலப் பரப்பொன்று விரிந்துகொண்டே வந்து திடீரென ஒரு மஞ்சளின் விளிம்பில் உடைந்து நிற்கும். இவற்றை அரூப ஓவியம் என்பர். நண்பர்களும் வாசகர்களும் அவரிடம் விரும்பியது காந்தியையும் கரிசல் மக்களையும். அவர் அச்சிற்கு அவற்றை எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் கித்தான் என்று வந்துவிட்டால் ஊர் புகழ்ந்த திறமையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கற்றுக்குட்டிபோல் முதலிலிருந்து தொடங்கினார். புகழ் பெற்ற ஒருவருக்கு இது எளிய காரியமா? கல்லூரியில் முதல் மதிப்பெண் பெறும் பாடத்தை விட்டுத் தமக்குச் சிறிதும் பழக்கமில்லாத பாடத்தை எடுத்துப் படிக்க உங்களில் எத்தனை பேர் துணிவீர்கள்?

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்புவோர் உண்டு. ‘இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, அங்கே ஐம்பதுகளில் செய்ததை இங்கே எழுபதுகளில் செய்தார்கள்’ என்பார்கள். தடையைக் கேட்டுவிட்டே விடை சொல்வோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் நியூயார்க் நகரில் ஓவியர் சிலர் உருவத்தை முற்றிலும் விட்டார்கள். 1946-இல் ராபர்ட் கோட்ஸ் என்ற விமரிசகர் அவர்களுடைய படைப்புகளைக் குறிக்க ‘அரூப வெளிப்பாட்டியம்’ என்ற பொருளுடைய சொல்லை ஆண்டார், அதுவே நிலைத்தது. அவர்களில் ஜாக்ஸன் பொல்லாக் 1912-இல் பிறந்தவர். அவர் கித்தானைச் சட்டத்தில் மாட்டவில்லை, தரையில் விரித்தார். தூரிகையால் தொடாமல், குச்சியிலிருந்து வண்ணத்தைச் சொட்டவிட்டும் வீசியும், கித்தானைச் சுற்றிச் சுற்றி நடந்து படத்தை உண்டாக்கினார். அமெரிக்கப் பழங்குடிகளாகிய நவாஹோ மக்கள் தரையில் நிறமணலைத் தூவிச் சித்திரம் எழுதும் முறை தம் மனத்தில் இருந்தது என்பதை அவரே ஒப்பியிருக்கிறார். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் குனிந்து, விரலிடுக்கில் மாவைச் சொட்டவிட்டு, சுற்றி நடந்து கோலம் இடுவதைப் பொல்லாக் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! குடிப்பழக்கத்திற்கு இரையான அவர் 1956-இல், தாமே ஓட்டிச் சென்ற மோட்டார் வண்டி கவிழ்ந்து, நாற்பத்து நான்கு வயதில் மாண்டார்.

மற்றவர் மார்க் ராத்கோ. இன்றைய லாட்வியா நாட்டில் அடங்கிய ஊர் ஒன்றில் 1903-இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஆளுயரக் கித்தான்களில் இரண்டு மூன்று வண்ணச் சதுக்கங்கள். அவற்றின் ஓரங்கள் மூடுபனிபோல் கரைந்திருக்கும். அவ்வளவே படம். அதன் முன்னே நின்று கண்ணீர் விட்டவர்கள் உண்டு. 1970-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1967-ஆம் ஆண்டில் இந்த அமெரிக்க ஓவியங்களின் பெருங்கண்காட்சி ஒன்று புது தில்லிக்கு வந்தது. ஆகவே நம் நாட்டு ஓவியர்கள் அவர்களை அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் இருந்தார்கள், வாதிட்டும் இருந்தார்கள். ஆனால் அறிந்ததாலேயே ஒன்று நகலாகிவிடுமா? புதினம் என்னும் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ ஐரோப்பாவிலிருந்து வந்ததா?

வேற்றுமையைக் கண்ணாலேயே காணலாம். பொல்லாக்கின் படத்தில் ஓவியனின் உடல் அசைவு தெரிகிறது. வீசிய கையின் வேகம், ஆவேசம் தெரிகிறது. ஆதிமூலத்தின் கித்தானில் அந்த ஆவேசம் இல்லை. ராத்கோவின் சதுக்கங்கள் இருளடைந்த அறைக்குள் நம்மை அழைத்துச் செல்வன. ஆதிமூலத்தின் வண்ணங்கள் வெட்டவெளிக்கு அழைத்துச் செல்வன. வெயில் அவற்றில் உண்டு. உழுது போட்ட கொல்லையின் புழுதி உண்டு. அவை நிலக்காட்சிகள் அல்ல. ஆனால் நிலத்தில் வளர்ந்த கண்ணின் வேலை என்பதை மறைக்க முடியாது. இது நான் ஊர்ப்பற்றால் சொல்வது என்று சிலர் கருதலாம். கருதட்டும்.

நான் என் மாணவர்களிடம் இதனை ஒருமுறை சோதித்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். புரட்டாசி மாதத்தில் ஒருநாள் வைகறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். ஒரு வளைவில் அமர்ந்து, ‘நீங்கள் காண்பதைத் தீட்டுங்கள், ஆனால் மலை, மரம், வீடு என்று பெயர் சொல்லத்தக்க எதையும் எழுதக் கூடாது’ என்று கட்டளையிட்டேன். முதலில் திகைத்தார்கள். ஒருவன், ‘ஐயா, பின்னே என்னத்தை எழுதுவது?’ என்று நியாயமாகவே கேட்டான். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான தாள்களில் பெயரில்லாத குழப்பம். ஒரு சிறுமியின் தாளில் மட்டும் மூன்றே பட்டைகள்: அடியில் கறுப்பை ஒட்டிய பச்சை; நடுவே சாம்பல் கலந்த ஊதா; மேலே, ஈரமான தாளில் பரவவிட்ட மிக மெல்லிய மஞ்சள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மறுவாரம் அந்தத் தாளை, எங்களோடு மலைக்கு வராத வேறொரு வகுப்பில் காட்டினேன். ‘இது என்ன?’ என்று நான் கேட்கவில்லை. ‘இது எந்த நேரம்?’ என்று கேட்டேன். விடியற்காலம் என்றனர் பலர். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் என்றான் ஒருவன். மலையும் இல்லை, சூரியனும் இல்லை, மேகமும் இல்லை. ஆனால் நேரத்தையும் ஈரத்தையும் அந்த மூன்று பட்டைகள் சொல்லிவிட்டன. ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு விடை தராத படம், வேறொரு கேள்விக்குத் தெளிவாக விடை தந்தது.

அச்சிறுமியின் தந்தை மரவள்ளி பயிரிடும் விவசாயி. பிறகு ஒருநாள் பள்ளிக்கு வந்தவர், ‘சார், பொண்ணு படம் போடுறேன் படம் போடுறேன்னே சொல்லிக்கிட்டு இருக்கு; நாளைக்கு அதுக்கு ஒரு வழி உண்டுங்களா?’ என்று கேட்டார். அவருக்கு நான் ராத்கோவைப் பற்றியா பேசுவது? ஆதிமூலம் நெசவாளர் மையத்தில் சம்பளம் வாங்கியதைச் சொன்னேன். சோழமண்டலத்தார் சாயத்துணி விற்றதைச் சொன்னேன். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதையும், சிற்பி குடும்பங்கள் அத்தொழிலால் வாழ்வதையும் சொன்னேன். அவர் முழுதும் நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ‘பார்க்கலாம் சார்’ என்று எழுந்து போனார். அந்தத் தந்தையின் அச்சம் பொய்யான அச்சம் அன்று. கலைக்கல்லூரியில் பட்டம் பெற்ற அனைவரும் ஆதிமூலம் ஆவதில்லை; ஆதிமூலமும் கித்தானை நம்பி மட்டுமே பிழைத்தவர் அல்லர்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். அரூபம் என்ற பெயரில் வரும் அனைத்தும் நல்ல ஓவியம் அன்று. மாளிகைச் சுவரின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தீட்டித் தரும் அலங்காரங்களும் அப்பெயரோடு உலவுகின்றன. ஆதிமூலத்தின் வண்ணக் கித்தான்களிலும் சில, அழகு ஒன்றோடு நின்றுவிடுகின்றன என்றே எனக்குத் தோன்றும். அவருடைய மைக்கோடுகளில் உள்ள உறுத்தல் அவற்றில் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னைக் கேட்டால் நான் கறுப்பு மையின் பக்கம் நிற்பேன். என்னினும் நன்கு அறிந்தவர்கள் வண்ணத்தின் பக்கம் நிற்கிறார்கள். நீங்கள் பார்த்துவிட்டு உங்கள் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

2008 சனவரியில் அவர் சென்னையில் காலமானார். 1962 முதல் 1996 வரையில் அவர் எழுதிய கோட்டோவியங்கள் பெருநூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அந்நூல் ஏதேனும் ஒரு கல்லூரி நூலகத்தில் உங்களுக்குக் கிடைக்குமானால், காந்தியடிகளின் பக்கங்களில் தொடங்காதீர்கள். அவரை நமக்கு முன்பே தெரியும். மன்னர்களின் படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து ஆடையின் மடிப்பு ஒன்றைத் தேர்ந்து, அதன்மீது விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே கீழே வாருங்கள். எந்த இடத்தில் அது துணியாக இருப்பதை விட்டு வெறுங்கோடு ஆகிறது என்று உங்கள் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் காட்டுங்கள். அவர் வேறோர் இடத்தைக் காட்டுவார்.